காம்போடு வந்த பூ

“அத்திப்பள்ளி தாண்டிட்டோம்மா, இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவோம்” என்று சொல்லிவிட்டுப் பிரதாப் போனை வைத்தான். “சரிப்பா, மெதுவா வா” என்றேன். எப்போதும் சொல்வதுதான். ஆனால் இன்றைக்கு அவன் நிஜமாகவே மெதுவாக வரட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வரும் வழியில் நெரிசல் இருக்காதா, மருமகள் ஷர்மிளா ஏதாவது வாங்க வேண்டும் என்று ஒரு கடையில் இறங்க மாட்டாளா, சின்னதாக ஒரு டயர் பஞ்சர், சே, பெற்ற பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான், நினைக்கிற நினைப்பா இது. சாம்பார் ஆகிவிட்டது. ரசம் இறக்கி மூடி வைத்தாயிற்று. அவனுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல், அவளுக்குப் பிடித்த அவரைக்காய்ப் பொரியல். அப்பளத்தை வந்த பிறகு பொரித்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்தால் நினைப்பு எங்கெங்கோ போகும் என்றுதான் எழுந்ததிலிருந்து பரபரவென்று செய்தேன், செய்து முடித்தது தப்பாகப் போயிற்று, இப்போது கைக்கு வேலையே இல்லை. பூ ஒன்றுதான் பாக்கி. பின் பால்கனியில் வாளித் தண்ணீரில் ரோஜாக்கள் நிற்கின்றன, நேற்று சாயங்காலம் ஜோதிலிங்கம் சார் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெங்களூரில் எனக்காக ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறான், இல்லை, வெள்ளையில்லை, இளம்பச்சை, அம்மாவுக்குப் பச்சை பிடிக்கும் என்று. போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கட்டில், அலமாரி, ஜன்னல், கடைசியாகக் குளியலறையில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஓர் எவர்சில்வர் கம்பி. அந்தக் கம்பியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயசு. லிஃப்ட் வேலை செய்யாத அன்றைக்கு மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். ஆனாலும் அந்தக் கம்பியை யாரோ ஒரு கொத்தனாரை வரவழைத்து, பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் கீழே, அம்மா உயரம் கம்மி என்று சொல்லிச் சொல்லித்தான் பதித்திருப்பான் என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் இன்றைக்கு நான் அதைச் சொல்ல வேண்டும்.

வாளியை உள்ளே தூக்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் பழைய துண்டை விரித்தேன். அலமாரியிலிருந்து அந்த முள்கட்டையை எடுத்தேன். முள்கட்டை என்பது நான் வைத்த பேர். உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான ஈயக் கட்டி, மேலே நெருக்கமாகப் பித்தளை ஊசிகள், நுனி மேலே பார்த்து நிற்கும். முதல் தடவை ஜோதிலிங்கம் சார் அதை என் கையில் வைத்தபோது பாத்திரம் தேய்க்கிறதா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அவர் அப்படிச் சட்டென்று சிரிக்கிற ஆள் இல்லை. “இல்லீங்க மேடம். இதைத் தட்டுல வெச்சுத் தண்ணி ஊத்தி, பூக்காம்பை இந்த ஊசியில குத்தி நிக்க வைக்கணும். இங்கிலீஷ்ல ஃபிளவர் ஃப்ராக்னு சொல்றாங்க. தவளை மாதிரி தண்ணிக்குள்ளயே உக்காந்திருக்குமாம்.” தவளையா என்று நான் சிரித்தேன், பிறகுதான் அவரும் சிரித்தார். பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் அவர் பேக்கிங் கொட்டகை சூப்பர்வைசர். நீளக் காம்பெல்லாம் பெட்டியில் ஏறி விமானத்துக்குப் போய்விடும், காம்பு குட்டையானது, வளைந்தது, தலை சாய்ந்தது எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கும். அந்த ஒதுங்கினதைத்தான் எனக்குக் கொண்டுவருவார். பூவில் ஒரு குறையும் இருக்காது, காம்புதான் குட்டை. உயரமான ஜாடியில் போட்டால் உள்ளே முழுகிப்போகும், அதனால்தான் இதைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையைத்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவள் நான், முகம் மறந்துபோகும், கை மறக்காது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார், அவருடைய நரம்பு ஆழத்தில் ஓடும், மற்ற பெண்கள் இரண்டு இடத்தில் குத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். நான் தொட்டுப் பார்த்து, கண்ணை லேசாக மூடி, ஒரே குத்து. “உங்களுக்கு மட்டும் எப்படிங்க மேடம் கிடைக்குது?” “நீங்க கையை இறுக்காம விடுறீங்களே சார், அதான்.” அதற்குமேல் எங்களுக்குள் பேச்சே கிடையாது, எத்தனையோ மாதம். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோரும் சால்வை போர்த்தினார்கள், அவர் காகிதத்தில் சுற்றிய ரோஜாவோடு வரிசையில் கடைசியில் நின்றிருந்தார், ரத்தம் கொடுக்க வந்தவர் மாதிரியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. “தலைக்கு வைக்க மாட்டீங்கன்னு தெரியும் மேடம். இது மேசைக்கு” என்றார்.

மேசைக்கு. ஒரு பூ மேசைக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. எங்களுக்குப் பூ என்றால் சாமிக்கு, தலைக்கு, இல்லையென்றால் பிணத்துக்கு. மூன்றுக்கும் காம்பு வேண்டாம், கிள்ளிக் கட்டிவிடுவோம். கத்தரியை எடுத்து முதல் ரோஜாவின் காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டினேன், வெட்டின வாயில் காற்று ஏறக் கூடாது. காற்று ஏறினால் தண்ணீர் மேலே போகாது, தலை தொங்கிவிடும், ஊசியில் காற்றுக் குமிழி மாதிரிதான். கீழே இருந்த இலைகளைக் கழித்தேன். முள்ளைக் கிள்ளும்போது கட்டைவிரலில் ஒன்று ஏறி ஒரு பொட்டு ரத்தம், வாயில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தனசேகர் வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்கிவருவார். மின்வாரியத்தில் வேலை, கம்பம் கம்பமாகச் சுற்றிவிட்டு வந்தாலும், வாழையிலையில் மடித்த பூப்பொட்டலம் ஸ்கூட்டர் கொக்கியில் ஆடிக்கொண்டு வரும். கையில் கொடுக்க மாட்டார், ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். அவர் குடிகாரராக, கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குச் சொல்ல வேண்டியது சுலபமாக இருக்கும், பிரதாப்புக்கும் கேட்கச் சுலபமாக இருக்கும். என்ன நினைப்பு இது, நல்லவராக இருந்ததற்கு அவர்மேல் குறைபட்டுக்கொள்கிறேனா. அவருடைய காரியத்தன்று காலையில் நாத்தனார் என்னை உட்காரவைத்துத் தலை நிறைய மல்லிகை வைத்தாள், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வைத்ததில்லை, கழுத்து கனத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து பிடித்து இழுத்தாள். ஊக்கு ஒன்று முடியில் சிக்கியிருந்தது. இழுத்த வேகத்தில் பூவோடு முடியும் வந்தது. வலித்தது. வலிக்கிறது என்று சொல்லலாமா, அதற்கெல்லாம் வலிக்கிறது என்று சொல்கிற நேரமா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை, அழுதுகொண்டேதான் இழுத்தாள், கூடப் பிறந்த அண்ணன் அல்லவா. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பூ வைக்காதே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சின்னப் பெண்கள், வெச்சுக்கோங்க மேடம், இந்தக் காலத்துல யாரு பாக்கிறா என்று நீட்டுவார்கள். கை போகாது. தலையில் அந்த இடம் மட்டும் இழுக்கிற மாதிரி இருக்கும்.

காம்பை ஊசிமேல் நிமிர்த்தி வைத்து அழுத்தினேன். நேராகத்தான் குத்த வேண்டும், குத்திய பிறகு எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் மெல்ல சாய்த்துக்கொள்ளலாம். எடுத்தவுடனே சாய்த்துக் குத்தினால் பிடிக்காது. முதல் பூ நின்றது. பிரதாப், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றால் அவன் பயந்துவிடுவான், என்னம்மா உடம்புக்கு என்ன என்பான், அவன் அப்பா போனதிலிருந்து நான் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பான். உடம்புக்கு ஒண்ணுமில்லடா என்பேன். அப்புறம்? இரண்டாவது பூ, கொஞ்சம் குட்டையாக வெட்டி, முன்பக்கம். உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஒருத்தர் இருக்கார். ஒருத்தர் இருக்கார், என்ன வார்த்தை இது, சினிமாவில் வருகிற காலேஜ் பெண் மாதிரி. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர். தெரிஞ்சவர் என்றால் போதுமா, தெரிஞ்சவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். மூன்றாவது பூவின் காம்பு வளைந்தது, எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவரையே பார்த்தது, கழற்றித் திரும்பக் குத்தினேன், திரும்பவும் சுவர். அவர் கேட்ட விதத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பண்ணையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கொட்டகை வாசலில் நின்றுகொண்டு கேட்டார், “மேடம், மீதி நாளைச் சேர்ந்து இருக்கலாமான்னு கேக்கத் தோணுது. தப்பா இருந்தா நான் கேக்காத மாதிரி விட்டுருங்க.” நான் அவரைப் பார்க்காமல் பெட்டி அடுக்குகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு, யோசிச்சுச் சொல்றேன் சார் என்றேன், பிளட் ரிப்போர்ட் சாயங்காலம் வாங்கிக்கோங்க என்கிற குரலில். யோசித்தேன். பஸ்ஸில் யோசித்தேன், காய் நறுக்கும்போது யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பொய்தான், சரி என்பது முதலிலேயே வந்துவிட்டது, மற்றதெல்லாம் பயம். போனில் சரிங்க சார் என்று சொன்னபோது கொட்டகைச் சத்தத்திலிருந்து அவர் விலகி நடந்து வருவது கேட்டது. பிறகு, “ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வெச்சுக்கலாம் மேடம், சத்தமில்லாம” என்றார். மனைவி போய் அவருக்கும் பல வருஷமாகிறது. சேலத்தில் இருக்கிற மகளிடம் சொல்லிவிட்டார். உங்க இஷ்டம்பா என்றாளாம். அது சம்மதமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. நேற்றுப் பூவைக் கொடுக்கும்போது, நாளைக்கு நானும் கூட வந்து இருக்கட்டுமா என்று கேட்டார். “வேண்டாம் சார். இது நான் சொல்ல வேண்டியது” என்றேன். பெரிய தைரியசாலி மாதிரி. இப்போது பார், ஒரு பூவைக்கூட என் பக்கம் திருப்பத் தெரியவில்லை.

அந்த வளைந்த பூவை அப்படியே சுவரைப் பார்க்க விட்டுவிட்டு, ரோஜாக்களோடு வந்த, ஆஸ்பராகஸ் என்கிற மெல்லிய பச்சை இலைக்கொத்தை எடுத்தேன். இந்த மாதிரி நூல் காம்பு ஊசியில் நிற்காது, இடுக்கில் நழுவிவிடும். வெட்டிப்போட்ட ரோஜாக் காம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதோடு சேர்த்து நூலால் கட்டினால் நிற்கும். போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோயிற்று. குழந்தைகளின் கையில் ஊசி போட்டவள் நான். எதற்குப் பயம்? அவன் கத்துவான் என்றா? கத்துகிற பிள்ளையில்லை. அப்பா போன அன்று எல்லாக் காரியத்தையும் நிமிர்ந்து நின்று செய்தான், காலேஜ் கடைசி வருஷம், மீசைகூடச் சரியாக வரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல் மனசு என்றுகூட யாரோ பேசினார்கள். எல்லோரும் போன பிறகு குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, குழாயை மூட மறந்துவிட்டானோ என்று கதவருகே போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. கதவைத் தட்டவில்லை. தட்டினால் நிறுத்திவிடுவான். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன், கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும். அவன் கத்துவதற்கு எனக்குப் பயமில்லை. அவன் திரும்பவும் ஒரு குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான், அதற்குத்தான் பயம். சரிம்மா என்பான், உன் இஷ்டம்மா என்பான், அப்புறம் பெங்களூரில் ஒரு இளம்பச்சை அறைக் கதவைச் சாத்துவான், தீபாவளிக்குப் போன் பண்ணுவான். அம்மா என்கிற சொல்லைச் சொல்வான், ஆனால் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிடுகிற அம்மாவாக அது மாறிப்போயிருக்கும்.

பூ முடிந்துவிட்டது. நாலு ரோஜாதான், ஒன்று உயர, இரண்டு தாழ, ஒன்று சுவரைப் பார்த்து, ஊசி தெரியாத அளவுக்குத் தண்ணீர். பரவலான கறுப்புப் பீங்கான் தட்டு, ஷர்மிளா போன பொங்கலுக்கு வாங்கிக்கொடுத்தது. அழகாகத்தான் இருந்தது. இப்போது இதை எங்கே வைப்பது? இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஹால் அலமாரி மேல் தனசேகரின் படம், சந்தனச் சீவல் மாலை போட்டது, அவர் சிரிக்கிறார். அதற்கு முன்னால் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும், பூ வைத்தால் அங்கேதான் வைப்போம். தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைத்தேன், கால் தானாகப் போயிற்று. நின்றேன். அங்கே வைத்தால் பிரதாப் உள்ளே நுழைந்ததும் பார்ப்பான், அம்மா அப்பாவுக்குப் பூ வைத்திருக்கிறாள் என்று முகம் இளகும். அந்த இளகின முகத்துக்கு முன்னால் நான் வாய் திறப்பேனா? சாயங்காலம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார்கள், நான் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்பேன், அடுத்த வாரம் இளம்பச்சை அறையில் இருப்பேன். அங்கே வைத்தால் அது பொய். ஒருத்தர் கொடுத்த பூவை இன்னொருத்தர் படத்துக்கு வைப்பது இரண்டு பேருக்கும் செய்கிற பொய். மேசையில் வைத்தால்? நடு ஹாலில், நாலு பேர் பார்க்க, அவர் சிரித்துக்கொண்டே பார்க்க. நீங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டீங்கதானே என்று படத்திடம் கேட்டேன், மனசுக்குள்தான். ஃபிரிட்ஜ் மேல் பூவை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிற மனுஷர் என்ன பதில் சொல்வார். தட்டு கனத்தது. தண்ணீர் ததும்பியது. மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தது. தட்டைச் சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“என்னம்மா முகமெல்லாம் வேர்த்திருக்கு?” என்றுதான் உள்ளே வந்தான். ஷர்மிளா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அய்யோ அத்தை, எவ்வளவு அழகா இருக்கு! இதுல எப்படி நிக்குது?” என்று மேசைக்கு ஓடினாள். பிரதாப் பூவைப் பார்த்தான். நான் நினைத்த மாதிரியே அவன் முகம் இளகியது. “அப்பாவுக்காம்மா? இரு, நான் வைக்கிறேன், கனமா இருக்கும்” என்று இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினான். அலமாரிப் பக்கம் நடந்தான். இத்தனை நேரம் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. “அங்க வைக்காத பிரதாப்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “ஏன்?” “அது அப்பாவுக்கு இல்ல. எனக்கு.” அவன் பாதியில் நின்று திரும்பினான். திரும்பின வேகத்தில் தட்டு சாய்ந்து தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது, முள்கட்டை தட்டின் ஓரம் வரை வழுக்கிப் போய் டொக்கென்று இடித்து நின்றது. பூக்கள் ஒன்றும் விழவில்லை. “உனக்கா? யாரு குடுத்தாங்க?” என்றான். சொன்னேன். நின்றபடியே சொன்னேன். ஜோதிலிங்கம் என்று ஒருத்தர், லேபில் பழக்கம், மனைவி இல்லை, பண்ணையில் வேலை, ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம், பெங்களூருக்கு நான் வரவில்லை. எல்லாம் ஒரு மூச்சில், நோயாளிக்கு வலி தெரிவதற்குள் ஊசியை எடுத்துவிடுகிற மாதிரி. ஷர்மிளா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அத்தை... எங்க அப்பா அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?” என்றாள். கோபமில்லை, பாவம், பயம்தான். “கேட்டா சொல்லும்மா. கேக்காட்டி சொல்லாத” என்றேன். பிரதாப் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அப்பா படத்தைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன், பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எத்தனை நாளா இது?” “நாளெல்லாம் கணக்குப் பண்ணலப்பா. கொஞ்ச நாளா.” “அன்னைக்கு ரூம் போட்டோ அனுப்பினேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?” “தெரியும்.” “அப்ப ஏம்மா நல்லா இருக்குன்னு சொன்ன?” நல்லா இருந்துச்சு, அதான் சொன்னேன் என்றேன், அது உண்மைதான், ஆனால் அவன் கேட்டது அதையில்லை. அவன் தட்டை மேசைமேல் வைத்தான், மெதுவாக, சத்தம் வராமல். “என்கிட்டச் சொல்ல உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?” என்றான். இந்தக் கேள்வி நான் நினைத்த எந்தக் கேள்வியிலும் இல்லை. இல்லப்பா என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் கண் சிவந்திருந்தது. இன்றைக்கு இவ்வளவு சொன்ன பிறகு இதற்கு ஒரு பொய் எதற்கு என்று தோன்றியது. “ஆமா. ரொம்பப் பயமா இருந்துச்சு.” அவன் தலையை ஆட்டினான். “நான் என்ன பண்ணிடுவேன்னு நினைச்ச?” “ஒண்ணும் பண்ண மாட்டன்னுதான். ஒண்ணும் சொல்லாமப் போயிருவியோன்னு.” பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே மலைக்கோயிலைப் பார்த்தபடி நின்றான். முதுகும் வேர்வையில் நனைந்திருந்தது. நான் பின்னாலேயே போகவில்லை. ஆனால் இந்தத் தடவை கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளவும் இல்லை. ஹாலிலிருந்தே சொன்னேன், “நாளைக்கே கல்யாணம்னு சொல்லலடா. நீ எவ்வளவு டைம் வேணும்னாலும் எடுத்துக்கோ, அவரைப் பாரு, பேசு, திட்டணும்னா என்னைத் திட்டு. ஆனா வேண்டாம்னு நான் விட மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்.” ஷர்மிளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கே நான் புதுசாக இருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பூத்தட்டு நடுவில் இருந்தது, யாரும் அதை நகர்த்தவில்லை. அவன் சாம்பாரைப் பிசைந்து பிசைந்து பாதி வைத்துவிட்டான். கிழங்கை ஒதுக்கினான். ரசம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டான், கேட்டான் என்றால் கிண்ணத்தைத் தள்ளினான். ஷர்மிளா ஆபீஸ் கதை ஏதோ பேசிப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பெங்களூர் அறையைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. டீகூடக் குடிக்காமல், ரோடு நெரிசலாகிவிடும் என்று கிளம்பினார்கள். வாசலில் ஷர்மிளா என் கையை ஒரு நொடி பற்றிக்கொண்டாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான், கட்டி முடித்ததை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். “வரேன்” என்றான். வரேம்மா என்று சொல்லவில்லை. லிஃப்ட் இறங்குகிற சத்தம் கேட்கும்வரை நின்றிருந்தேன். அவ்வளவுதான், இதுதான் நான் பயந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆச்சரியமாக, நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வலித்தது, அல்லது வலி இனிமேல்தான் வருமோ என்னவோ. தரையில் கொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தேன். பாத்திரங்களைச் சிங்க்கில் போட்டேன். போன் அடித்தது. அவன்தான்.

“ஏதாவது மறந்துட்டியா?” என்றேன். “இல்ல.” வண்டி ஓடுகிற சத்தம், ஷர்மிளா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது. “அவர் கார் ஓட்டுவாரா?” என்றான். எனக்குப் புரியவில்லை. “யாரு?” “அவர்தான். ஜோதிலிங்கம்.” முதல் தடவையாக அந்தப் பேரை அவன் சொன்னான், ஒவ்வொரு எழுத்தாக, சரியாகச் சொல்கிறோமா என்கிற மாதிரி. “ஸ்கூட்டர்தான்பா வெச்சிருக்கார். ஏன்?” “ராத்திரியில உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு யோசிச்சிட்டே வந்தேன். ஸ்கூட்டர் சரிப்படாது. கார் ஓட்டக் கத்துக்கச் சொல்லு அவரை.” “இந்த வயசுலயா?” என்றேன். “கல்யாணம் பண்ணலாம், கார் கத்துக்க முடியாதா?” என்றான். சிரித்தானா, கோபத்தில் சொன்னானா, இரண்டும் கலந்திருந்தது. பிறகு குரல் மாறியது. “எனக்கு இது பிடிக்கலம்மா. பிடிக்கும்னும் இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் வரேன். அவரைச் சாப்பிடக் கூப்பிடு. என்ன பேசுறதுன்னு தெரியல, ஆனா வந்து உக்காந்துக்கிறேன்.” “சரிப்பா” என்றேன். “வை, வண்டி ஓட்டுறேன்” என்று அவனே வைத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அடுப்புமேல் சாம்பார் இருந்தது, கிழங்கு வறுவல் அப்படியே இருந்தது, பொரிக்காத அப்பளம் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் கிடந்தது. காலையிலிருந்து நான் ஒரு வாய் சாப்பிடவில்லை, அவர்களோடு உட்கார்ந்தபோதும் பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு தட்டை எடுத்துச் சாதம் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து எனக்காக இரண்டு அப்பளம் பொரித்தேன். நன்றாகப் பசித்தது.